"ஊரைக் காப்பாத்தப் போயிருந்தேன்" என்றால் என்ன அர்த்தம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். திருப்பூரிலிருந்து ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்கு வேலை மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. அலுவலகத்தில் ஒருவரிடம் "நேத்து ராத்திரி போன் எடுக்கவே இல்லையே" என்று கேட்டதற்கு, "ஊரைக் காப்பாத்தப் போயிருந்தேன் சார்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் "பேட்மேன் டூட்டி" என்று சொல்லிச் சிரித்தார்கள். அப்புறம் டீக்கடையில் 'மாமா', 'மாமியார் வீடு', 'மாவுக்கட்டு' என்றெல்லாம் காதில் விழுகிறது. இவற்றுக்கு என்ன பொருள், இதில் ஏதாவது கெட்ட வார்த்தையா, நானும் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் அகராதிப் பொருள் தெரிந்தால் போதும் என்று நீங்கள் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கே சேர்ந்து சிரிக்கலாம், எங்கே சிரிக்கக் கூடாது என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் மொழியறிஞன் இல்லை. கீழக்கரையில் படித்தேன், ராமநாதபுரத்தில் 24 ஆண்டுகளாகக் குற்ற வழக்குகள் நடத்துகிறேன். பிடிப்பவர்கள் பேச்சும் பிடிபட்டவர்கள் பேச்சும் தினமும் காதில் விழும் தொழில். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எப்படிப் பேசுகிறார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அதைத் தாண்டினால் நானும் உங்களைப் போலக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவன்தான்.

முதலில் உங்கள் சக ஊழியர் சொன்னது. அது கெட்ட வார்த்தை இல்லை. "எங்கே போனேன் என்று சொல்ல விருப்பமில்லை" என்பதைக் கோபமில்லாமல் சொல்லும் வழி. முகமூடி போட்டுக் கள்ளனைப் பிடிக்கிற நாயகன் யாராக இருந்தாலும் அவனுக்கு இரண்டு வாழ்க்கை இருக்கும். 1938-ல் வந்த சூப்பர்மேன் பகலில் பத்திரிகை நிருபர். அடுத்த ஆண்டு வந்த பேட்மேன் பகலில் பணக்கார வீட்டுப் பிள்ளை. ராத்திரி எங்கே போனாய் என்று கேட்டால் இவர்கள் யாரும் உண்மையைச் சொல்ல முடியாது. அந்த மௌனத்தைத்தான் நம் ஆள் கடன் வாங்குகிறார். இருக்கிற காரணங்களிலேயே பெரிய காரணத்தைச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் யாரும் சின்னக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்திலும் இதே விளையாட்டு உண்டு. ராத்திரி எங்கே என்றால் குற்றங்களை ஒழித்துக்கொண்டிருந்தேன் என்பார்கள்.

இது ஏதோ செல்போன் வந்த பிறகு இறக்குமதியான பேச்சு என்று சிலர் நினைக்கலாம். என் வயதுக்காரர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் வரத் தொடங்கியது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆரம்பத்தில் குற்றவாளி, பிறகு அரசாங்கத்துக்காக வேலை செய்கிற உளவாளி. 1984-ல் ராணி காமிக்ஸும் வந்தது. கீழக்கரையில் நாங்கள் ஆறு பேர் ஒரே புத்தகத்தைக் கை மாற்றிப் படித்து, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல் போய், முடிவை ஆளாளுக்கு ஒன்றாகச் சொல்வோம். கடன் வாங்கியவன் தெருவில் தட்டுப்படாவிட்டால் "மாயாவி ஆயிட்டான்" என்போம். பேட்மேன் டூட்டிக்கு அதுதான் அண்ணன்.

அதற்கும் முந்தையது எங்கள் வீட்டிலேயே இருந்தது. இந்தச் சீமையில் ஊர் எல்லைக்கு எல்லை ஐயனார் நிற்கிறார், பக்கத்தில் கருப்பர், முன்னால் மண் குதிரைகள். நடுச்சாமத்தில் குதிரையேறி ஊரைச் சுற்றிக் காவல் காப்பார் என்பது நம்பிக்கை. சின்ன வயதில் ராத்திரி நாய் குரைத்தால் என் அப்பத்தா, "சாமி வேட்டைக்குப் போகுது, கண்ண மூடு" என்பார். என் தாத்தா கள்ளுக்கடையிலிருந்து நேரம் கழித்து வருகிற நாட்களில் யாராவது வந்து விசாரித்தாலும் அதே குரலில், "அவுகளா, காவலுக்குப் போயிருக்காக" என்பார். வந்தவருக்கும் தெரியும், அப்பத்தாவுக்கும் தெரியும். தாத்தாவின் மானம் மட்டும் தப்பித்துவிடும். இடக்கரடக்கல் என்று நன்னூலில் படித்தோமே, அதன் வேலை இதுதான். கூசும் ஒன்றை மறைத்து, எதிரில் இருப்பவருக்கும் சங்கடம் இல்லாமல் செய்துவிடும்.

சரி, அப்படியென்றால் உங்கள் சக ஊழியர் குடிக்கப் போனாரா என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். என் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் கண் சிவந்து வருவார். கேட்டால் "ஊரைக் காப்பாத்திட்டு வர்றேன் அண்ணே" என்பார். நானும் அவரைப் பற்றித் தப்பாகத்தான் எண்ணியிருந்தேன். ஒருநாள் வக்காலத்து நாமாவை நீட்டும்போது கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் நரம்பு வலை அறுத்த கோடு, கட்டைவிரலில் நண்டு கொடுக்கு பதிந்த காயம், அதன்மேல் மஞ்சள். பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. அந்த நாட்களில் இவர் மாமனார் வள்ளத்தில் நீலக்கால் நண்டுக்கு வலை விட்டுவிட்டு, விடியற்காலையில் வலையைத் தட்டி முடித்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்திருக்கிறார். கோர்ட்டில் வேலை பார்க்கிறவன் கடலுக்குப் போகிறான் என்று பேசுவார்களோ என்ற கூச்சம். பகலில் ஒரு உடுப்பு, இரவில் ஒரு உடுப்பு, யாருக்கும் தெரியக் கூடாது. அவர் சொன்ன வார்த்தை அவருக்கு எவ்வளவு பொருத்தம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஆகவே அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு மறைபொருள் என்று எதுவும் கிடையாது. சொல்கிற ஆளைப் பொறுத்துக் குடியாக இருக்கலாம், காதலாக இருக்கலாம், இரண்டாவது வேலையாக இருக்கலாம், வெறும் தூக்கமாகக்கூட இருக்கலாம்.

அடுத்து 'மாமா'. போலீஸ்காரரைக் குறிக்கும் இந்தச் சொல் தமிழ்நாடு முழுக்க உண்டு. 'மாமியார் வீடு' என்றால் சிறை. இரண்டும் ஒரே கற்பனையிலிருந்து வந்தவை. மாப்பிள்ளையை மாமனார் ஆள் விட்டு அழைத்துப் போவார், போன இடத்தில் வேலை செய்யாமல் மூன்று வேளையும் சாப்பிடலாம். 'களி திங்கிறான்', 'கம்பி எண்ணுறான்' என்பவையும் இதே குடும்பம். சிறையில் களி போட்ட காலம் போய்விட்டது, சொல் மட்டும் நிற்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். 'மாமா' என்பதற்கு விபச்சாரத் தரகு வேலை பார்ப்பவன் என்று ஒரு கேவலமான பொருளும் இருக்கிறது. அதனால் சீருடையில் இருப்பவர் காதுபட அதைச் சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார். 'ஏட்டையா', 'சார்' இவைதான் நேரில். அதே நேரம் நீங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் உங்களைத் தம்பி போல நினைத்து, "என்னை மாமான்னே கூப்பிடுங்க" என்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள். அது உறவு முறை.

 

நீங்கள் கேட்காத ஒரு சொல்லும் இங்கே காதில் விழும். 'அட்டை' என்று யாராவது தாழ்ந்த குரலில் சொன்னால் அது ஆதார் அட்டை இல்லை, கடல் அட்டை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் கள்ளன், காவலன் என்ற கோடு இந்தக் கரையில் எங்கே விழுகிறது என்பது இதில்தான் தெரியும். கடல் அட்டையை மூழ்கி எடுத்து, அவித்து, காய வைத்து ஏற்றுமதிக்குக் கொடுப்பது இங்கே பல தலைமுறைத் தொழில். 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதைச் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. இலங்கையில் உரிமம் வாங்கினால் இன்றைக்கும் பிடிக்கலாம். அதனால் இங்கிருந்து அங்கே கடத்தல் நடக்கிறது. இனம் அழியாமல் இருக்கத் தடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு நாள் விடிந்தபோது மூச்சடக்கி மூழ்கத் தெரிந்தவன் குற்றவாளியாகிவிட்டான். அந்த வீட்டில் போய் 'குற்றத்தை ஒழிக்கிற ஹீரோ' என்று வேடிக்கை பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இந்த மண்ணுக்கு அந்தக் காயம் பழையது. வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று வந்து, பிறந்த குலத்தை வைத்தே ஆளைக் குற்றவாளி என்று பதிவு செய்தார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அது ஒழிந்தது. அதற்கும் முன்னால் ஊர்க்காவலும் களவும் அடுத்தடுத்த வீடாக இருந்த காலம் ஒன்று உண்டு. களவு போன மாடு எங்கே நிற்கிறது என்று சொல்லிப் பெறும் பணத்துக்குத் 'துப்புக்கூலி' என்று பெயர். துப்புத் துலக்குகிறவன், துப்பறிகிறவன் என்று நாம் நாயகர்களுக்குக் கொடுக்கிற 'துப்பு' அந்தப் பணத்திலும் இருக்கிறது.

இப்போது 'மாவுக்கட்டு'. நீங்கள் கேட்ட சொற்களில் என்னால் சிரிக்க முடியாத ஒன்று இதுதான். எலும்பு முறிவுக்குப் போடும் கட்டு என்பதுதான் நேர்ப் பொருள். ஆனால் பிடிபட்டவன் "கழிவறையில் வழுக்கி விழுந்து" கையையோ காலையோ உடைத்துக்கொண்டான் என்று செய்தி வரும். கட்டோடு அவன் நிற்கிற படம் வாட்ஸ்அப்பில் சுற்றும். கீழே சிரிக்கிற முகங்களாகப் போட்டிருப்பார்கள். 'நல்லா கவனிச்சாங்க', 'மரியாதை பண்ணாங்க', 'லாடம் கட்டினாங்க' எல்லாமே அடித்தார்கள் என்ற ஒரே செய்தியின் வேறு வேறு உடுப்புகள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலையில் மாஜிஸ்ட்ரேட் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். ரிமாண்டுக்காக ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். பத்தொன்பது வயது. வள்ளத்தின் மோட்டாரைத் திருடினான் என்று வழக்கு. வலது முன்கையில் கட்டு. மாவு இன்னும் காயவில்லை. அவன் அம்மா தொட்டுப் பார்த்த விரலில் வெள்ளையாக ஒட்டியது. அந்த அம்மா அதைச் சேலையில் துடைக்கவில்லை, விரலை அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். "போலீஸ் அடிச்சாங்களா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். பையன் பக்கத்தில் நின்றவர்களின் பூட்ஸைப் பார்த்தான். "வழுக்கி விழுந்துட்டேன் அய்யா" என்றான். வெளியே யாரோ மெல்லச் சிரித்தது எனக்குக் கேட்டது. டாக்டரிடம் காட்டிக் காயத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று மனுக் கொடுத்தேன், உத்தரவும் வாங்கினேன். பிறகு அந்த மோட்டார் வேறொருவரிடமிருந்து கிடைத்தது. பையன் வெளியே வந்துவிட்டான். ஆனால் எலும்பு நேராகக் கூடவில்லை. வலை இழுக்கிறவனுக்கு வலது கை எவ்வளவு முக்கியம் என்று இந்தக் கரையில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. கைது செய்தால், பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். இவையெல்லாம் குற்றவாளிக்குக் காட்டுகிற சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பையன் மாதிரி ஆட்களுக்காக வைத்த வேலி இது. 'என்கவுன்ட்டர்' என்ற சொல்லையும் பாருங்கள். ஆங்கிலத்தில் எதிர்ப்படுவது என்று பொருள். நம் பேச்சில் அது "போட்டாச்சு" என்று ஆகிவிட்டது. அப்படி ஒவ்வொரு சாவுக்கும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், தனி விசாரணை நடக்க வேண்டும், மாஜிஸ்ட்ரேட் விசாரணையும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லியிருக்கிறது. நியாயமாக வேலை பார்க்கிற காவலர்கள் பலரை எனக்குத் தெரியும். நடுராத்திரி கடலில் காணாமல் போன பிள்ளையைத் தேடி, விடியும்வரை அலைவாய்க்கரையில் நின்ற எஸ்.ஐ. ஒருவரைத் தெரியும். அவரை 'சிங்கம்' என்று யாரும் போஸ்டர் அடிக்கவில்லை.

சாதாரண ஆட்களே கள்ளன் பிடிக்கக் கிளம்புவது பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்துக்கு அதில் ஒரு வரலாறு இருக்கிறது. 'போலீஸ் நண்பர்கள்' என்ற திட்டம் 1993-ல் பிரதீப் வி. பிலிப் இங்கே எஸ்.பி.யாக இருந்தபோது ராமநாதபுரத்தில்தான் தொடங்கியது. மக்களுக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவே பயம் குறைய வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப் போன தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகு அதில் இருந்தவர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்து, அந்த ஜூலையிலேயே அரசு அதைத் தடை செய்தது. உடுப்பு இல்லாமல் அதிகாரம் மட்டும் கையில் வந்தால் ஆள் எப்படி மாறுகிறான் என்பதை நான் என் வழக்குகளிலும் பார்த்திருக்கிறேன். 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிட வந்து, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அடித்த கூட்டமும் ஊரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தது.

சட்டம் தனி மனிதருக்கு எவ்வளவு இடம் தருகிறது என்று கேட்டால், கொஞ்சம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவுப்படி, உங்கள் கண்ணெதிரே பிணையில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய குற்றம் செய்கிறவரையோ, நீதிமன்றம் தேடப்படுபவர் என்று அறிவித்தவரையோ நீங்கள் பிடிக்கலாம். பிடித்தால் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். சந்தேகத்தின் பேரில் பிடிக்க முடியாது. மரத்தில் கட்டி வைப்பது, படம் எடுத்துப் போடுவது எல்லாம் நீங்கள் செய்கிற குற்றம். கடலில் சந்தேகமாக ஏதாவது கண்டால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

சீக்கிரமே ஒரு நாள் இங்கே வண்டிகளை எல்லாம் நிறுத்திப் பார்ப்பார்கள், பயந்துவிடாதீர்கள். 'சாகர் கவச்' என்று கடலோரப் பயிற்சி நடக்கும். கடல் கவசம் என்று பொருள். காவல் துறையினரே ஒரு அணி தீவிரவாதி வேடம் போட்டுக் கடல் வழியாக ஊடுருவப் பார்ப்பார்கள், இன்னொரு அணி பிடிக்க வேண்டும். நம் மீனவர்கள் அதைக் 'கள்ளன் போலீஸ் ஆட்டம்' என்று சிரித்தபடி சொல்வார்கள். அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளலாம், அதில் யாருக்கும் கை உடைவதில்லை. ஆனால் அன்றைக்குப் பாம்பன் பாலத்தில் நிறுத்தி "எங்கே போறீங்க" என்று கேட்டால் பேட்மேன் பதில் சொல்லாதீர்கள். ஊர், வேலை, அடையாள அட்டை, முடிந்தது.

ஆகவே நீங்களும் சொல்லலாமா என்றால், 'ஊரைக் காப்பாத்தப் போறேன்' தாராளமாகச் சொல்லலாம். வயதில் மூத்தவரிடம் மட்டும் முதல் நாளே வேண்டாம். 'மாமியார் வீடு' என்பதை, எதிரே இருப்பவர் வீட்டில் யாரும் உள்ளே இல்லை என்று தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள். இந்தக் கரையில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் வீடுகளில் யாராவது உள்ளே இருப்பார்கள். இந்தப் பக்கமோ, இலங்கைச் சிறையிலோ. படகோடு பிடிபட்டுப் போனவனின் மனைவி தண்ணீர் பிடிக்க வரும் குழாயடியில் அந்தச் சொல் வேண்டவே வேண்டாம். 'மாவுக்கட்டு' படம் வந்தால் சிரிப்புக் குறி போடாமல் விட்டுவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சக ஊழியரை ராத்திரி எங்கே போனீர்கள் என்று மறுபடி துருவ வேண்டாம். அடுத்த முறை அவர் ஊரைக் காப்பாத்திட்டு வந்தேன் என்றால், "நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா" என்று கேளுங்கள். என் குமாஸ்தாவிடம் அதைக் கேட்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. கேட்ட மறு வாரம் ஒரு ஓலைப்பெட்டி நிறைய நண்டு கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.